கடலோரக் காட்டை மீட்டெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி: கன்றுக்கு முன்னால் கணக்கு

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் புத்துப்பட்டு வரும். அங்கே ஐயனார் கோயிலை ஒட்டி ஒரு காடு இருக்கிறது. மே மாதத்து நண்பகலில் சுற்றுவட்டாரமே காய்ந்து கிடக்கும்போது அதற்குள் போய் நின்று பாருங்கள். தலைக்கு மேல் பச்சை, காலுக்குக் கீழே மெத்தையாகச் சருகு. மரங்கள் பெரிய உயரம் கிடையாது. பெரும்பாலும் 10 மீட்டரை ஒட்டித்தான் நிற்கும். ஆனால் கொடியும் புதரும் பின்னி, உள்ளே பத்தடிக்கு அப்பால் இருக்கும் ஆளைப் பார்க்க முடியாது.

இதுதான் சோழமண்டலக் கடற்கரையின் வறண்ட பசுமைமாறாக் காடு. இந்தியக் காடுகளை வகைப்படுத்தி 1968இல் வனவியலாளர்கள் சாம்பியனும் சேத்தும் வெளியிட்ட பட்டியலில் இது ஏழாம் வகை. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். அதற்கப்புறம் ஆறு மாதம் வறட்சி. அப்படியும் இலையை உதிர்க்காமல் நிற்கிற மரங்கள் இவை: பாலை, வீரை, காசா, இரும்பிலி, கருங்காலி, நாவல், மகிழம். ஈழத்து வன்னிக் காட்டில் நிற்பதும் இதே பாலையும் வீரையும்தான். வயலுக்கும், விறகுக்கும், முந்திரித் தோப்புக்கும், வீட்டுமனைக்கும் போனது போக, தமிழ்நாட்டுக் கரையில் இந்தக் காடு இன்று பெரும்பாலும் கோயில் காடுகளாகவும், கிண்டி, கோடியக்கரை போன்ற சில துண்டுகளாகவும்தான் எஞ்சியிருக்கிறது.

இதை மீட்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். உங்களிடம் ஊர்ப் புறம்போக்கோ, கோயில் நிலமோ, சொந்தப் பட்டாவோ சில ஏக்கர் இருக்கலாம். எப்படி நடுவது என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் அதோடு சேர்த்து, எப்படிக் கணக்கு வைப்பது என்றும் சொல்லப் போகிறேன். நட்ட கன்றுகளின் எண்ணிக்கை வெறும் செலவுச் சீட்டு. காட்டின் கணக்கு அது ஆகாது.

கணக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு காரணம் போதும். இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் அறிக்கையில் ஒரு நிலம் 'வனப் பரப்பு' ஆவதற்குக் குறைந்தது 1 ஹெக்டேர் பரப்பும், 10 சதவீதக் கிளைக்கவிகையும் (மரக்கிளைகள் மேலிருந்து தரையை மூடும் அளவு) இருந்தால் போதும். என்ன மரம், யாருடைய நிலம் என்ற கேள்வியே இல்லை. தைலமரத் தோட்டமும் தென்னந்தோப்பும் அதில் சேரும். நாடு முழுவதையும் செயற்கைக்கோள் வழியாக அளக்க அந்த வரையறை உதவலாம். உங்கள் ஐந்து ஹெக்டேரில் காடு திரும்புகிறதா என்று அறிய அது உதவாது.

உதவுகிற முறை ஒன்று இருக்கிறது. ஐக்கிய நாடுகள் புள்ளியியல் ஆணையம் 2021 மார்ச் மாதம் ஏற்றுக்கொண்ட சூழலமைப்புக் கணக்கியல் முறை அது. நாடுகளுக்காக எழுதப்பட்டதுதான், இந்தியாவும் அதன் சோதனைத் திட்டத்தில் பங்கெடுத்தது, மத்திய புள்ளியியல் அமைச்சகம் 'என்விஸ்டாட்ஸ்' என்ற பெயரில் சூழல் கணக்குகளை வெளியிட்டும் வருகிறது. ஆனால் அதன் எலும்புக்கூடு ஒரு மளிகைக் கடைப் பேரேடு போல எளிமையானது. தொடக்க இருப்பு, வரவு, கழிவு, இறுதி இருப்பு. இந்த நாலு பத்தியை முதலில் பரப்புக்கும், அப்புறம் நிலைக்கும், அதற்கப்புறம் காடு தரும் பலன்களுக்கும் எழுதிக்கொண்டே போக வேண்டும். ஒரு நீள்கட்டு நோட்டு போதும்.

படி 1: இது காடாக இருந்த நிலம்தானா?

வெட்டவெளியாகத் தெரிகிற எல்லாமே அழிந்த காடு இல்லை. கோடியக்கரையில் வெளிமான்கள் மேய்கிற புல்வெளி தன்னளவில் முழுமையான ஒரு சூழலமைப்பு; அங்கே மரம் நட்டால் மான் போய்விடும். தூத்துக்குடிப் பக்கத்துத் தேரி மணலும் அப்படியே. நீலகிரியில் சோலைகளுக்கு இடையிலிருந்த புல்வெளிகளை வெற்றிடமென்று நினைத்து அயல்நாட்டுச் சீகை (வாட்டில்) மரம் நட்டார்கள். அது பரவியதை அகற்ற இன்றுவரை உழைத்துக்கொண்டிருக்கிறோம்.

அதனால் முதல் மாத வேலை கடப்பாரை எடுப்பதல்ல, விசாரிப்பது. கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படமும் அ-பதிவேட்டு நகலும் கேளுங்கள். பழைய நில அளவைத் துறை வரைபடங்களில் அந்த இடம் புதர்க்காடா, திறந்தவெளியா என்று குறித்திருப்பார்கள். ஆடு மேய்த்த பெரியவர்களிடமும், விறகும் பழமும் பொறுக்கிய பெண்களிடமும் கேளுங்கள். 'இங்க பாலப்பழம் பொறுக்குவோம்', 'களாக்காய் பறிப்போம்' என்று ஒருவர் சொன்னால் அது எந்த வரைபடத்துக்கும் குறையாத சான்று. கடைசியாக நிலத்தில் குனிந்து தேடுங்கள். வெட்டுப்பட்ட காசாவும் வீரையும் முழங்கால் உயரப் புதராக, ஆடு கடித்துக் கடித்துக் குறுகி, ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

படி 2: யாருடைய நிலம், யார் பிழைக்கும் நிலம்

பட்டா என்றால் சிக்கல் குறைவு. மேய்க்கால் புறம்போக்கு என்றால் கிராம சபைத் தீர்மானம் இல்லாமல் தொடங்காதீர்கள். கோயில் நிலமாக இருந்தால் அறநிலையத் துறைக்கு எழுத வேண்டும். காப்புக்காட்டின் விளிம்பு என்றால் வனத்துறைக்கு.

காகிதம் ஒரு பக்கம். அந்த நிலத்தில் ஆடு மேய்ப்பவரும், சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுபவரும் இருப்பார்கள். வேலி போட்டால் அவர்களுக்கு இழப்பு, அந்த இழப்பும் கணக்கில் ஏற வேண்டும். நிலத்தை மூன்று பாகமாகப் பிரித்து ஒவ்வொன்றாக அடைத்துத் திறப்பது, அடைத்த பாகத்தில் புல் அறுத்துக்கொள்ள விடுவது, நாற்றங்கால் வேலையையும் காவலையும் அதே குடும்பங்களுக்குத் தருவது என்று பேசி முடியுங்கள். இதைச் செய்யாத இடங்களில் முதல் கோடையிலேயே வேலி பிரிந்துவிடும்.

பல்லுயிர்ச் சட்டம் 2002இன்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டைத் தயாரிப்பது அதன் பொறுப்பு. உங்கள் ஊரில் அது பெயரளவில் இருந்தாலும் போய்ப் பேசுங்கள். நீங்கள் எடுக்கப்போகும் கணக்குக்குச் சட்டபூர்வமான இருப்பிடம் அந்தப் பதிவேடுதான்.

படி 3: ஒப்பிட ஒரு காடு

காய்ச்சல் குறைகிறதா என்று சொல்ல, உடம்பின் இயல்பான சூடு எவ்வளவு என்று தெரிந்திருக்க வேண்டும். காட்டுக்கும் அப்படித்தான். உங்கள் நிலத்திலிருந்து பத்து இருபது கிலோமீட்டருக்குள், அதே மண்ணில், நன்றாக எஞ்சியிருக்கும் ஒரு கோயில் காட்டைத் தேடுங்கள். செம்மண் மேட்டு நிலத்துக்குச் செம்மண் காடு, கடலோர மணலுக்கு மணல் காடு. முடிந்தால் இரண்டு மூன்று காடுகளை எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்றில் விட்டது இன்னொன்றில் இருக்கும்.

ஊர்க்காரர்களிடம் அனுமதி வாங்கிக்கொண்டு உள்ளே போங்கள். பல காடுகளில் செருப்புப் போடக் கூடாது, சிலவற்றில் சுள்ளி ஒடிக்கவும் கூடாது. அந்தக் கட்டுப்பாடுதான் இத்தனை காலம் காட்டைக் காத்தது, நாமும் அதற்குள் நடப்பதே முறை. திண்டுக்கல் மாவட்டத்துக் காசம்பட்டி வீரக்கோயில் காடு 5 ஹெக்டேருக்கும் குறைவு. 2025இல் அதைப் பல்லுயிர் மரபுத் தலமாக அரசு அறிவித்தது. சிறிய காடுகளின் மதிப்பு அப்படி.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். கோயிலுக்கு மண்டபம் கட்டுவதிலும் வண்டி நிறுத்த இடம் விடுவதிலும் இந்தக் காடுகள் ஓரம் தேய்ந்து வருகின்றன. ஆகவே ஒப்பீட்டுக் காட்டையும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை அளக்க வேண்டும். அளவுகோலே சுருங்கிவிட்டால் உங்கள் நிலம் வளர்ந்தது போலத் தோன்றும்.

படி 4: தொடக்க இருப்பை எழுதுங்கள்

ஒரு கன்றும் நடுவதற்கு முன்னால் இது முடிந்திருக்க வேண்டும். பிற்பாடு எவ்வளவு வருந்தினாலும் இந்த ஆண்டின் நிலத்தைத் திரும்ப அளக்க முடியாது.

முதலில் பரப்புக் கணக்கு. கைப்பேசியில் இருக்கும் ஜிபிஎஸ் கொண்டு எல்லையை நடந்து குறித்து, நிலத்தை வகை பிரியுங்கள். ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம், இந்தக் கட்டுரை முழுக்க அது நம்மோடு வரும். மொத்தம் 5 ஹெக்டேர். அதில் சீமைக்கருவேலப் புதர் 3.5, புல்லும் திறந்தவெளியும் 1, குட்டை 0.3, எஞ்சிய நாட்டுப் புதர் 0.2. இவ்வளவுதான் பரப்புக் கணக்கின் முதல் வரி.

செயற்கைக்கோள் படம் இலவசமாகக் கிடைக்கிறது. சென்டினல்-2 படத்தில் 10 மீட்டர் அளவு வரை பார்க்கலாம், ஐந்து நாளுக்கு ஒருமுறை புதுப்படம் வரும். எல்லை பார்க்க அருமையான கருவி. ஆனால் பச்சையை மட்டும் நம்பாதீர்கள். கோடையில் சீமைக்கருவேலமும் பச்சை, வீரையும் பச்சை. நடந்து பார்த்தவருக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

அடுத்து நிரந்தரக் கட்டங்கள். 10 மீட்டருக்கு 10 மீட்டர் அளவில் பத்துக் கட்டம் போட்டால் 5 ஹெக்டேரில் 2 சதவீதம் வரும், தொடங்குவதற்குப் போதும். இடத்தை நீங்களே 'நல்லதாக' பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. வரைபடத்தில் கட்டம் கிழித்து எண் போட்டுச் சீட்டுக் குலுக்குங்கள். சீமைக்கருவேல முள்ளுக்கு நடுவே விழுந்தாலும் அங்கேதான் அளக்க வேண்டும். நான்கு மூலையிலும் கல் நட்டு, ஆயத்தொலைவுகளை நோட்டில் குறியுங்கள்.

கட்டத்துக்குள் ஒவ்வொரு மரத்தின் பெயரும், தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் சுற்றளவும். உள்ளே ஒரு மூலையில் 5 மீட்டர் சதுரத்தில் புதர், 1 மீட்டர் சதுரத்தில் செடி, புல், முளைகள். பெயர் தெரியாததை 'தெரியாதது 1' என்று எழுதி, இலை, பூ, காய் படமெடுத்து வையுங்கள். தெரியாததைத் தெரிந்த பெயருக்குள் திணித்துவிட்டால் கணக்கு அங்கேயே கெட்டுவிடும். கட்டத்தின் தென்மேற்கு மூலையிலிருந்து வடகிழக்கைப் பார்த்து ஒரு படம். ஒவ்வோர் ஆண்டும் அதே இடம், அதே திசை, அதே மாதம். ஜனவரி நல்ல மாதம். மழை முடிந்து எல்லாம் முளைத்திருக்கும்.

மண்ணை மறக்காதீர்கள். ஐந்தாறு இடத்தில் 30 செ.மீ. ஆழம் வரை எடுத்துக் கலந்து, மாவட்ட மண் பரிசோதனை நிலையத்தில் கரிமச்சத்து பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். கரிமம் 0.5 சதவீதம், மண்ணின் அடர்த்தி கன மீட்டருக்கு 1,400 கிலோ, ஆழம் 0.3 மீட்டர் என்றால் சதுர மீட்டருக்கு 2.1 கிலோ, ஹெக்டேருக்கு 21 டன் கரிமம். சரளை நிறைந்த செம்மண்ணில் கல்லின் பங்கைக் கழிக்காவிட்டால் இந்த எண் பொய்யாக ஏறும்.

படி 5: நிலைக் கணக்கு

சூழல் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. பரப்பு எவ்வளவு என்பதைத் தாண்டி, அந்தப் பரப்பு எப்படி இருக்கிறது என்று கேட்கிறது. சில அளவுகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றையும் ஒப்பீட்டுக் காட்டின் அளவால் வகுத்தால் 0 முதல் 1 வரை ஒரு மதிப்பு கிடைக்கும். ஒப்பீட்டுக் காடு 1.

நம் எடுத்துக்காட்டு நிலத்தில் ஆறு அளவுகள் எடுப்போம். நாட்டு மர இனங்கள்: கோயில் காட்டில் 30, இங்கே 6, ஆக 0.2. கிளைக்கவிகை: அங்கே 80 சதவீதம், இங்கே நாட்டு மரங்களால் 15, ஆக 0.19. மண் கரிமம்: 1.5க்கு 0.4, ஆக 0.27. கட்டத்துக்கு இத்தனை என்று நாட்டு மர முளைகள்: 40க்கு 4, ஆக 0.1. பழம் தின்னும் பறவை இனங்கள்: 12க்கு 5; ஆக 0.42. அயல் செடிகளின் பங்கு தலைகீழ்க் கணக்கு: இங்கே 70 சதவீதம் என்றால் மதிப்பு 0.3. ஆறையும் கூட்டிச் சராசரி எடுத்தால் ஏறக்குறைய 0.25.

ஆண்டறிக்கையில் சராசரியை மட்டும் போடும் பழக்கம் வேண்டாம். ஆறு எண்களும் எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும். ஏன் என்பது ஐந்தாம் ஆண்டில் தெரியும்.

மர இனங்களை எண்ணும்போது இன்னொரு பள்ளம் உண்டு. ஒரு நடவில் 100 மரம், 5 இனம், ஒவ்வொன்றிலும் 20. இன்னொன்றிலும் 100 மரம், 5 இனம்தான். ஆனால் புங்கன் 80, மற்ற நாலும் ஐந்தைந்து. பட்டியலில் இரண்டுக்கும் ஒரே எண். இதற்கு சிம்ப்சன் முறையில் ஒரு எளிய வழி இருக்கிறது. ஒவ்வொரு இனத்தின் பங்கையும் அதே பங்கால் பெருக்கி எல்லாவற்றையும் கூட்டுங்கள். 1ஐ அந்தத் தொகையால் வகுங்கள். முதல் நடவுக்கு 5 வரும். இரண்டாவதுக்கு 1.54. அதாவது இரண்டாவது நடவு, பெயருக்கு ஐந்தினம், நடைமுறையில் ஒன்றரை இனம்.

படி 6: முதலில் காத்திருங்கள்

வேலி போட்டு ஒரு பருவமழை முழுக்க எதையும் நடாமல் பாருங்கள். நாற்றும் ஆளும் தயாராக இருக்கும்போது இதைச் சொன்னால் யாருக்கும் பிடிக்காது. ஆனால் வெட்டுப்பட்ட தூர்களிலிருந்து துளிர்ப்பது இந்தக் காட்டு மரங்களின் இயல்பு. ஆடு கடிக்காமல் ஒரு வருடம் விட்டால் காசாவும் வீரையும் காரையும் தாமாக எழும். நூறு ரூபாய்க் கன்றுக்கு இல்லாத பழைய வேர் அவற்றுக்கு இருக்கிறது. எங்கே எழுகிறதோ அங்கே நடவு வேண்டாம். களை எடுத்து மூடாக்கு போட்டால் போதும். இதை நோட்டில் 'தானாக வந்தது' என்று தனிப் பத்தியில் எழுதுங்கள்.

வேலிக்குக் கம்பியை விட முள்கிளுவை நல்லது. மழைக்கு முன்னால் போத்து வெட்டி நட்டால் பிடித்துக்கொள்ளும். உள்வரிசையில் களாவும் சூரையும் வைத்தால் பறவைக்குப் பழமும் ஆயிற்று.

படி 7: தண்ணீரும் சீமைக்கருவேலமும்

1968இல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் ஆரோவில் நகரியம் தொடங்கியபோது அந்த மேடு மழைநீர் அறுத்துப்போட்ட செம்மண் பொட்டல். அங்கே வேலை செய்தவர்கள் மரத்தோடு சேர்த்து வரப்பிலும் நீரோடைத் தடுப்பிலும் உழைத்தார்கள். பெய்த மழை நிலத்தை விட்டு ஓடாமல் நிற்க வேண்டும், மற்றதெல்லாம் அதற்கப்புறம். சமமட்ட வரப்பு, அரும்பள்ளங்களில் கல்லடுக்கு, சரிவில் பிறை வடிவக் குழி. ஆடி மாதத்துக்குள் முடித்துவிடுங்கள்.

சீமைக்கருவேலத்தை ஒரே நாளில் இயந்திரம் விட்டு வழித்தெடுப்பதை நான் ஏற்கமாட்டேன். மேல்மண் போகும், கூடவே உள்ளே ஒளிந்திருக்கும் நாட்டுத் தூர்களும் போகும், வெயில் பட்ட மண்ணில் அதன் விதையே முதலில் முளைக்கும். பட்டை பட்டையாக எடுங்கள். தண்டை மேலே வெட்டினால் நாலாகத் துளிர்க்கும். மண்ணைத் தோண்டி வேர்க்கழுத்துக்குக் கீழே எடுக்க வேண்டும். ஆடுமாடு நெற்றைத் தின்று சாணத்தில் விதையைப் பரப்புவதால், காய்க்கும் மரங்களை முதலில் எடுப்பது நல்லது. எடுத்த பட்டையில் அந்த மழைக்கே நட்டுவிட வேண்டும். விறகும் கரியும் விற்ற பணத்தைச் செலவுக் கணக்கில் வரவாக எழுதுங்கள்.

படி 8: நாற்றும் நடவும்

பாலையும் வீரையும் இரும்பிலியும் எல்லா நாற்றுப் பண்ணையிலும் கிடைக்காது. நீங்களே வளர்க்க வேண்டியிருக்கும். ஒரே தாய்மரத்தில் அள்ளாதீர்கள். ஓர் இனத்துக்குப் பத்து மரமாவது, வேறு வேறு காட்டிலிருந்து, தரையில் உதிர்ந்ததை மட்டும். கோயில் காட்டில் கேட்டுவிட்டு எடுங்கள், பாதிக்கு மேல் எடுக்க வேண்டாம், அது அங்கே இருக்கும் குருவிக்கு உரியது. நாவல் விதையைக் காயவைத்தால் செத்துவிடும். சதையைக் கழுவிய கையோடு விதைக்க வேண்டும். எந்த மரம், எந்த ஊர், எந்த நாள் என்று ஒவ்வொரு பாத்திக்கும் சீட்டு வையுங்கள். இதுவும் பல்லுயிர்க் கணக்குத்தான்: இனத்துக்குள் இருக்கும் வேற்றுமையின் கணக்கு.

மெதுவாக வளரும் மரங்களுக்கு நாற்றங்காலில் ஒன்றரை வருடம்கூட ஆகும். அவசரப்படாதீர்கள்.

நடவு வடகிழக்குப் பருவமழை இறங்கி மண் ஒரு முழம் நனைந்த பிறகு, ஐப்பசியில். ஒன்றரை அடிக் குழி. 2 மீட்டர் இடைவெளி என்றால் ஹெக்டேருக்கு 2,500 கன்று, ஏக்கருக்குச் சுமார் 1,000. வெயில் தாங்கி விரைவாக எழும் உசில், நுணா, புங்கன், ஒதியன், கொன்றை முதல் ஆண்டில். அவற்றின் நிழல் விழுந்த பிறகு மூன்றாம், நான்காம் ஆண்டில் வீரை, காசா, இரும்பிலி, கருங்காலி. ஆரோவில்காரர்கள் ஆரம்பத்தில் நிழலுக்குக் கத்திச்சவுக்கு போன்ற அயல் மரங்களையும் வைத்தார்கள். இன்று நாட்டு மரங்களிலேயே அந்த வேலையைச் செய்பவை எவை என்று நமக்குத் தெரிந்துவிட்டதால் அந்தச் சுற்றுவழி தேவையில்லை.

புதரையும் கொடியையும் விட்டுவிடுகிறார்கள், அதுதான் எனக்குப் பெரிய வருத்தம். மரம் மட்டும் நட்ட இடம் தோப்பாக நிற்கும், காடாகாது. காட்டெலுமிச்சையில் அழகிப் பட்டாம்பூச்சிகள் முட்டையிடும். ஆதொண்டைக் கொடியை நம்பியும் சில பட்டாம்பூச்சிகள் இருக்கின்றன. காரை, களா, மோதிரக்கண்ணி, குன்றிமணி எல்லாம் பட்டியலில் இருக்கட்டும். 10 இடத்தில் காய்ந்த கிளைகளை நட்டு வைத்தால் கொண்டைக்குருவி வந்து உட்காரும், விதை போடும், கூலி கேட்காது.

ஒவ்வொரு கன்றுக்கும் எண் இடுங்கள். முதல் ஆண்டு இறுதியில் எது உயிரோடு, எது போனது, ஏன் போனது. செத்த இடத்தில் மாற்றுக்கன்று வைத்தால் புது எண் தர வேண்டும். பழைய எண்ணிலேயே புதுக்கன்றைச் செருகிவிட்டு 'தொண்ணூறு சதவீதம் பிழைத்தது' என்று காட்டுவது பரவலாக நடக்கிறது. எந்த இனம் அந்த மண்ணில் சாகிறது என்ற அறிவு அதனால் மறைந்து, அடுத்த ஊர்க்காரரும் அதே இனத்தை நட்டுச் சாகவிடுகிறார்.

படி 9: வந்தது யார், போனது யார்

உயிரினக் கணக்கில் ஒரு விதி எல்லாவற்றுக்கும் மேல்: பார்த்த உழைப்பையும் எழுத வேண்டும். ஒரு வருடம் ஒருவர் ஒருமுறை போய் 20 பறவை பார்த்தார், மறுவருடம் ஐந்து பேர் பத்து முறை போய் 45 பார்த்தார்கள் என்றால் பறவை கூடியதாக அர்த்தம் இல்லை.

ஆறு இடம் குறித்துக்கொள்ளுங்கள். சூரியன் எழுந்து இரண்டு மணி நேரத்துக்குள், ஒவ்வோர் இடத்திலும் 15 நிமிடம் நின்று கண்டதையும் கேட்டதையும் எழுதுங்கள். வருடத்துக்கு நாலு முறை. பறவைப் பதிவுகளுக்கான இபேர்ட் செயலியில் ஏற்றினால் உங்கள் தரவு நாட்டின் பொதுத்தரவில் சேரும். தை மாதத்தில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்போடு ஒரு முறையைப் பொருத்திக்கொள்ளலாம். பழந்தின்னிகளைத் தனியாக வட்டமிடுங்கள்: கொண்டைக்குருவி, குக்குறுவான், குயில், பச்சைப்புறா, மாங்குயில். இவை வந்தால் விதை வரும். குளிர்காலத்தில் சருகுக்குள் ஆறுமணிக்குருவியைக் கண்டால் அன்றைக்கு ஊருக்கே சொல்லுங்கள். அது அடர்ந்த நிழலையும் சருகையும் தேடி வருகிற பறவை.

பட்டாம்பூச்சிக்கு, குறித்த ஒரு பாதையில் மெதுவாக நடந்து, இரு பக்கமும் இரண்டரை மீட்டருக்குள் வருவதை மட்டும் எண்ணுங்கள். மரநாய்க்கும் நரிக்கும் எச்சம் போதும். அதை உடைத்துப் பார்த்தால் எந்த விதை பரவுகிறது என்பதும் தெரியும்.

ஒரு வருடம் காணவில்லை என்று எந்த உயிரினத்தையும் பட்டியலிலிருந்து அடிக்காதீர்கள். 'இந்த ஆண்டு காணவில்லை' என்று எழுதுங்கள். தொடர்ந்து மூன்று ஆண்டு, அதே உழைப்பில் காணாவிட்டால் மட்டும் கழிவுப் பத்திக்கு மாற்றலாம் என்பது என் வழக்கம்.

படி 10: ஐந்தாம் ஆண்டின் இறுதி இருப்பு

நம் 5 ஹெக்டேருக்குத் திரும்புவோம். சீமைக்கருவேலம் 3.5இலிருந்து 0.5 ஆனது. நட்ட இளமரப் பகுதி 2.8. தானாக எழுந்த நாட்டுப் புதர் 0.2இலிருந்து 0.4. புல்வெளி 1, குட்டை 0.3, இரண்டிலும் கை வைக்கவில்லை. கூட்டினால் 5 வரும். நட்ட 2.8ஐக் 'காடு' என்று எழுதவில்லை, கவனியுங்கள். அது நடவு. காடு என்ற தலைப்புக்கு அது மாறும் நாள் ஒன்று உண்டு, அதைச் சொல்லப்போவது நிலைக் கணக்குத்தான்.

நாட்டு மர இனம் 18, ஆக 0.6. கவிகை 40 சதவீதம், 0.5. கரிமம் 0.6, மதிப்பு 0.4. அயல் செடி 10 சதவீதம், மதிப்பு 0.9. பழந்தின்னிகள் 8, ஆக 0.67. முளைகள் கட்டத்துக்கு 10, மதிப்பு 0.25. சராசரி 0.25இலிருந்து 0.55 ஆயிற்று. பரப்பால் பெருக்கினால் 1.25இலிருந்து 2.75, அதாவது ஒப்பீட்டுக் காட்டின் தரத்தில் ஒன்றரை ஹெக்டேர் கூடியிருக்கிறது.

சராசரி இங்கேதான் ஏமாற்றும். முளைகள் 0.25இல் நிற்கின்றன. நாம் நட்டவை வளர்கின்றன, அயல் செடி போனது, பறவையும் வந்துவிட்டது. ஆனால் நிலம் இன்னும் தன் பிள்ளைகளைத் தானே பெறத் தொடங்கவில்லை. அடுத்த ஐந்தாண்டுப் பணம் எங்கே போக வேண்டும் என்பதை இந்த ஒரு எண் சொல்கிறது: புது நடவுக்கு அல்ல, சருகைக் காப்பதற்கும், ஆட்டைத் தடுப்பதற்கும், நிழல் விரும்பிகளைச் சேர்ப்பதற்கும்.

படி 11: பலன்களும் பணமும்

காடு தருவதை முதலில் அதனதன் அளவிலேயே எழுதுங்கள். அறுத்த புல் எத்தனை கட்டு, பொறுக்கிய பழம் எத்தனை படி, குட்டையில் தண்ணீர் எந்த மாதம் வரை நின்றது, பக்கத்துக் கிணற்றின் மட்டம் சித்திரையில் எவ்வளவு. மண்ணில் நீர் இறங்கும் வேகத்தை அறிய இரண்டு பக்கமும் திறந்த தகர டப்பாவைத் தரையில் அழுத்தி, தண்ணீர் ஊற்றி, வடியும் நேரத்தைக் கடிகாரத்தில் பாருங்கள். கோயில் காட்டிலும் அதைச் செய்யுங்கள். வித்தியாசத்தைப் பார்த்த ஊர்க்காரருக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. ஐயனாருக்கு மண்குதிரை எடுக்கும் புரவியெடுப்புத் திருவிழாவுக்கு எத்தனை ஊர் கூடுகிறது என்பதும் சூழல் கணக்கில் பண்பாட்டுப் பலனாக இடம்பெறும்.

ரூபாய் மதிப்பைக் கடைசியாக, சந்தை விலை உள்ளவற்றுக்கு மட்டும் போடுங்கள். புல்லுக்குப் போடலாம். ஆறுமணிக்குருவிக்கு விலை எழுதப் போனால், இன்னொருவர் அதைவிட அதிக விலை சொல்லி நிலத்தைக் கேட்க வழி திறந்துவிடுகிறோம். ஓர் இடத்துக் காட்டை அழித்துவிட்டு வேறிடத்து நடவால் அதை ஈடுகட்டுவதற்கும் இந்த நோட்டு சான்றாகக் கூடாது. வரவும் கழிவும் தனித்தனியாகத்தான் நிற்க வேண்டும், ஒன்றை ஒன்றில் கழித்து ஒரே எண்ணாக்கக் கூடாது.

செலவுப் பக்கத்தில் ஒரு எண் அவசியம்: மொத்தச் செலவை ஐந்தாம் ஆண்டில் உயிரோடிருக்கும் மரங்களின் எண்ணிக்கையால் வகுத்தது. நன்கொடையாளருக்கு இதைத் தயங்காமல் காட்டுங்கள்.

கணக்கை வாசிக்கும் நாள்

ஆண்டுக்கு ஒருமுறை, கணக்கெடுப்பு முடிந்த கையோடு ஜனவரி 26 கிராம சபையில் இதை வாசியுங்கள். பெரிய வெள்ளைத்தாளில் கையால் எழுதி ஒட்டினால் போதும், திரை தேவையில்லை. கழிவுப் பத்தியை முதலில் வாசியுங்கள்: செத்த கன்றுகள், காணாமல் போன பறவை, மேய்ச்சலை இழந்த குடும்பங்கள். பிறகு வரவு. இரண்டு நகல் எடுத்து, ஒன்றைப் பல்லுயிர் மேலாண்மைக் குழுவிடமும் ஒன்றைப் பள்ளிக்கூடத்திலும் கொடுங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு கட்டத்தை ஒப்படைத்து, சுற்றளவு நாடாவைக் கையில் கொடுங்கள். நாவல் காய்க்கத் தொடங்கும் ஆண்டில் அந்த நோட்டை எழுதப்போவது அவர்கள்தான்.